பதில்காரர்

எங்கள் ஆபீசுக்கு வந்த முதல் மோசடி மின்னஞ்சலுக்கு அவர் இரங்கல் தெரிவித்துப் பதில் எழுதினார்.

ஏதோ ஒரு நாட்டில் மந்திரியாக இருந்த கணவனை இழந்த அம்மாள் ஒருத்தி, தன்னிடம் பெட்டி பெட்டியாகச் சொத்து இருப்பதாகவும், அதை வெளியே கொண்டுவர நம்பகமான ஒரு மனிதர் தேவை என்றும் எழுதியிருந்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அதிலிருக்கும் சூது தெரியும். அன்றைக்கு எங்களுக்கு அது புதிது. அவர் அதை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி, சாப்பாட்டு நேரம்வரை உட்கார்ந்து பதில் அடித்தார். தங்கள் கணவர் காலமான செய்தி அறிந்து வருந்துகிறோம். தாங்கள் கேட்கும் உதவியைச் செய்யும் நிலையில் எங்கள் கம்பெனி இல்லை, தேயிலை விலை சரியில்லை. தாங்கள் தனியாக இருப்பதால், இத்தனை விவரங்களை முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதாமல் இருப்பது நல்லது.

"பாவம், அந்தம்மாவுக்கு நாலு வார்த்தை பேச ஆள் இல்லை போலிருக்குதுங்க அம்மிணி," என்றார் என்னிடம்.

குன்னூரில், பஜாரிலிருந்து மேலே ஏறிப் போகும் சாலையில் இருந்தது எங்கள் ஆபீஸ். சின்னத் தேயிலைக் கம்பெனி. எஸ்டேட்டும் பேக்டரியும் கீழ் கோத்தகிரிப் பக்கம். தலைமை ஆபீஸ் கோயமுத்தூரில். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் மூன்று பேர். எதற்கும் யோசிக்கிற ஒரு மேனேஜர், கணக்குக்கு நான், கடிதப் போக்குவரத்துக்கு அவர். அவிநாசிப் பக்கத்து ஆள். இளவயதில் மலையேறி வந்தவர் திரும்பிப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, எந்தப் பருவத்திலும் கழற்றாத குரங்குக் குல்லா, அதற்குள்ளே எப்போதும் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கும் முகம். அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் அவரைப் பதில்காரர் என்போம்.

அவரால் எதற்கும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அவ்வளவுதான் அவர். கல்யாணப் பத்திரிகை வந்தால், போக முடியாவிட்டால், ஏன் போக முடியவில்லை என்று எழுதுவார். வேலை கேட்டு வரும் மனுக்களுக்கு, வேலை இல்லை என்று கைப்பட எழுதுவார். பள்ளத்தில் யாராவது யாரையோ "ஓய்" என்று கூப்பிட்டால், ஜன்னலைத் திறந்து, "அவரு இங்க இல்லீங்க," என்பார்.

தப்பான நம்பருக்கு வரும் போன்களையும் அவர் விட்டதில்லை. ஒரு சீசனில் மசினகுடியில் புதிதாக ஆரம்பித்த ஏதோ ஒரு ரிசார்ட்டின் அட்டையில் எங்கள் ஆபீஸ் நம்பர் அச்சாகிவிட்டது. ஜீப் சவாரிக்கு இடம் வேண்டும் என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டார்கள். நானாக இருந்தால் ராங் நம்பர் என்று வைத்திருப்பேன். அவர் பெயரைக் கேட்டு, எத்தனை பேர் என்று கேட்டு, குழந்தைகள் உண்டா என்று கேட்டு, "யானை பாக்கறது நம்ம கையில இல்லீங்க, வந்தா உண்டு," என்று எச்சரித்து, பிறகு மசினகுடி நம்பரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவார். அந்த சீசன் முழுக்க எங்கள் தேயிலை ஆபீசில் ஜீப் புக்கிங் நடந்தது. கடைசியில் ரிசார்ட்காரர் ஒரு பாட்டில் மலைத்தேனோடு நேரில் வந்தார். அவருக்கு இவர் நன்றிக் கடிதம் எழுதினார்.

இந்தக் குணத்தால் மேனேஜர் அவ்வப்போது மாட்டிக்கொள்வார். எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகடு ஓட்டை. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஓர் அம்மாள் மனு எழுதிப் போட்டாள். இதற்குப் பதில் எழுத வேண்டாம், தானாக ஆறிவிடும் என்று கோயமுத்தூரிலிருந்து சொன்னார்கள். அவர் எழுதிவிட்டார். இந்த வருஷம் தகடு மாற்ற வழியில்லை, அதை நம்பி மழைவரை காத்திருக்க வேண்டாம், காலியாகக் கிடக்கும் ஸ்டாப் குவார்ட்டர்ஸில் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம், மேனேஜர் வாய்மொழியாக அனுமதி கொடுத்திருக்கிறார்.

அப்படி ஓர் அனுமதி கொடுத்ததாக மேனேஜருக்கு நினைவே இல்லை. "நீங்க போன் பேசிட்டே தலைய ஆட்டுனீங்களே சார்," என்றார் இவர்.

"அது போன்ல இருந்தவருக்கு ஆட்டுனதுங்க."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

அந்த அம்மாள் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டாள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்து சேர்ந்த குடும்பம். "தொர ஆபீசுல இருந்து கடுதாசின்னதும் லயமே பயந்திருச்சி. எங்கப்பா அந்தப் பக்கம் மனு எழுதுனாரு. நான் இந்தப் பக்கம் எழுதுறன். பதிலுன்னு ஒண்ணு கையில வாங்குறது இதாங்க மொத தடவ. யாரு எழுதுனதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தன்," என்றாள். பார்த்தாள். ஒரு டம்ளர் டீ குடித்தாள். போய்விட்டாள். மேனேஜர் அதற்குப் பிறகு போன் பேசும்போது தலையை ஆட்டுவதை விட்டுவிட்டார்.

தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த வருஷங்கள் அவை. ரஷ்யாவுக்குத் தேயிலை போவது நின்றுபோயிற்று என்று பஸ்ஸில் கொய்யாப்பழம் விற்கிறவர்கூடச் சொல்வார். சின்ன விவசாயிகள் பறித்த கொழுந்தை ரோட்டில் கொட்டினார்கள். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் காரட் போட்டார்கள். எனக்கு அது கணக்கில் தெரிந்தது. அவருக்குத் தபால் பையில் தெரிந்தது. பை நாளுக்கு நாள் மெலிந்தது. கொச்சியில் எங்களிடம் வழக்கமாகத் தேயிலை வாங்கும் ஒரு வியாபாரி, இவரோடு பல வருஷமாகக் கடிதத்தில் பழகியவர், சட்டென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். இவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்து போனதும், வெறும் மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டு இருப்பார். பார்க்கச் சகிக்காது.

அப்போதுதான் தலைமை ஆபீஸ் எங்களுக்கு மூன்று கம்ப்யூட்டர்களை அனுப்பி, மூன்றையும் ஒரே வயரில் கோத்து, டெலிபோன் லைனில் இன்டர்நெட்டும் கொடுத்தது. மேனேஜர் தன்னுடையதை உறை போட்டு மூடி வைத்தார். நான் கணக்கு ஏற்றினேன். அவருக்கு மின்னஞ்சல். முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். யார் யாரோ அவருக்கு எழுதியிருந்தார்கள். முடி வளர மருந்து விற்கிறவர், உடம்பு இளைக்க மாத்திரை விற்கிறவர், அமெரிக்காவில் பட்டம் வாங்கித் தருகிறவர். ஒருவரையும் விடாமல் பதில் போட்டார். நான் ஏற்கெனவே ஒல்லிதான், இந்தக் குளிரில் இன்னும் இளைத்தால் சிரமம், ஆயினும் நினைவு வைத்து எழுதியதற்கு நன்றி.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த சர்வீஸ் இன்ஜினியர், கோயமுத்தூர்க்காரர், அடுத்த முறை வந்தபோது இதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "சார், தெரியாதவங்க மெயிலுக்குப் பதிலே போடாதீங்க. அதுல ஏதாச்சும் இணைப்பு இருந்தா தொறக்கவே தொறக்காதீங்க. வைரஸ் வந்துரும்."

"தெரியாதவங்கதானுங்க எழுதுவாங்க. தெரிஞ்சவங்க போன் பண்ணிருவாங்களே."

"பதில் போட்டாலும் போடுங்க. இணைப்பைத் தொறக்காதீங்க."

"அதெப்படிங்க? பந்தியில உக்காந்துட்டு எலையத் தொடாம எந்திரிக்கற மாதிரி இருக்குமுங்க."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமை. காலையில் நான் உள்ளே வரும்போதே அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எழுதுவதை நிறுத்திவிட்ட கொச்சி வியாபாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. 'நீங்கள் கேட்ட விவரம் இணைப்பில் உள்ளது' என்று ஒரே வரி.

"நீங்க என்ன கேட்டிருந்தீங்க சார்?" என்றேன்.

"எத்தனையோ கேட்டிருந்தனுங்க. எதுக்குப் பதில்னு தெரியல. எப்படியோ நெனைப்பு வந்துதே மனுசனுக்கு."

நான் எழுந்து போவதற்குள் இணைப்பைத் திறந்துவிட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். மேனேஜரின் கம்ப்யூட்டரில் தெரியுமோ என்று உறையை நீக்கி அதிலும் போய்த் திறந்தார். பிறகு, இணைப்பு வெறுமையாக உள்ளது, தயைகூர்ந்து மீண்டும் அனுப்பவும், தங்கள் உடல்நலம் எப்படி, என்று பதில் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் என் கம்ப்யூட்டர் சேற்றில் மாட்டிய லாரி மாதிரி முனகியது. கணக்குக் கோப்புகளின் படமெல்லாம் ஒரே மாதிரி மாறிப் போய், எதைத் தொட்டாலும் திறக்க மறுத்தது. மாதக் கடைசிக் கணக்கு மொத்தமும் அதற்குள் இருந்தது. மோடம் யாரும் தொடாமல் தானாகவே கீச்கீச்சென்று கத்திக்கொண்டு டயல் செய்தது. நான் கோயமுத்தூருக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தால், லைனில் அந்தக் கீச்சுதான்.

பக்கத்து மளிகைக் கடைக்கு ஓடிப்போய் அங்கிருந்து பேசினேன். "மொதல்ல வயரைப் புடுங்குங்க. எல்லா வயரையும்," என்றார் இன்ஜினியர். பிடுங்கினோம். மோடம் ஓய்ந்த அந்த நொடியில் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அது நிற்கவில்லை.

இவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் இவர் பெயரிலேயே அந்த வைரஸே கடிதம் போட்டிருந்தது. நீங்கள் கேட்ட விவரம் இணைப்பில் உள்ளது. மற்ற ஆபீஸ்களில் பட்டியல் அரைப் பக்கம் இருக்கும். இவரிடம் மலையிலுள்ள கம்பெனிகள், பேக்டரிகள், புரோக்கர்கள், மசினகுடி ரிசார்ட், பர்லியார் பழத்தோட்டத்தில் எப்போதோ மங்குஸ்தான் பற்றிச் சந்தேகம் கேட்ட ஒருவர் என்று அத்தனை பேரும் இருந்தார்கள். திறந்தவர்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. கோயமுத்தூர் தலைமை ஆபீஸ் உட்பட.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இன்ஜினியர் ஒரு சிடியோடு வந்து சுத்தம் செய்ய உட்கார்ந்தார். பதில்காரர் ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வைரஸைவிட அவரை வாட்டியது வேறு. பெட்டியில் கோபக் கடிதங்கள் வந்து குவிந்திருந்தன. அவற்றைத் தொடக் கூடாது என்பது இன்ஜினியரின் உத்தரவு.

"ஒரே ஒரு வரி மட்டும் போட்டுக்கறனுங்க."

"போட்டீங்கன்னா அதுவும் சேந்து போகும் சார்."

என் கோப்புகளில் பாதி திரும்பவில்லை. மத்தியானம் தலைமை ஆபீசிலிருந்து டைரக்டரே பேசினார். செலவைக் குறைக்க ஓர் ஆளைக் குறைக்க வேண்டும் என்று அவர்கள் பல மாதமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். யார் திறந்தது என்பதுதான் கேள்வி.

"தானாகவே வந்திருக்கும்போல சார்," என்றார் மேனேஜர். நான், "எந்தக் கம்ப்யூட்டர்ல மொதல்ல வந்துதுன்னு சொல்ல முடியலைங்க சார்," என்றேன். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம்.

"யாராவது ஒருத்தர் தொறக்காம எப்படி வரும்? யாரு தொறந்தது?"

 பதில்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நாந்தாங்க," என்றார்.

அப்புறம் என்னிடம், "கேக்கறாங்கல்லங்க," என்றார், மன்னிப்புக் கேட்பது போல.

மின்னஞ்சல் போட முடியாது என்று ஆகிவிட்டதால், நேரில் போவது என்று முடிவு செய்தார். சிடியை எப்படி ஓட்டுவது என்று இன்ஜினியர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனவே நான் சுத்தம் செய்ய, அவர் மன்னிப்புக் கேட்க, இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கோத்தகிரியில் ஒரு சின்ன பேக்டரி முதலாளி, படகர், வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். "எம் பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், வர்றதையெல்லாம் தொறக்காதேன்னு. நான் எதையும் தொறக்கறதில்ல. உங்க பேரு இருந்துது. தொறந்துட்டேன்," என்றார்.

"மன்னிக்கணுமுங்க."

"எங்க பேக்டரிக்கு மிஞ்சின கொழுந்தை யாராச்சும் எடுத்துக்குவீங்களான்னு போன வருஷம் எல்லாக் கம்பெனிக்கும் எழுதினேன். முடியாதுன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க அதுகூட எழுதல. அப்புறம் உங்க லெட்டரை எப்படித் தொறக்காம இருக்கறது?"

போன இடமெல்லாம் இதே கதை. திட்டிவிட்டு, டீ கொடுத்து, உங்கள் பெயரைப் பார்த்துத்தான் திறந்தோம் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் அவர் குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வந்தார். "எம் பேரு மோசமா இருந்திருந்தா இத்தனை எடத்துக்குப் போயிருக்காதில்லீங்க அம்மிணி," என்றார். 

கடைசியாகக் குன்னூரில் அந்தப் புரோக்கர் ஆபீஸ். பேக்டரிகளின் தேயிலையை ஏலத்தில் விற்றுக் கொடுப்பவர்கள். அப்பாவுக்குப் பிறகு மகள் நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, குரலை உயர்த்தாமலே திட்டத் தெரிந்த அம்மாள். அந்த வார ஏலத்துக்கான பட்டியல் முழுவதும் அவர்கள் கம்ப்யூட்டரில் போய்விட்டது. மறுபடி ஒவ்வொரு பேக்டரியிடமும் விவரம் வாங்க வேண்டும். விலை கிடைக்காத கோபத்தில் பேக்டரிக்காரர்கள் புரோக்கர் என்றாலே போனை எடுப்பதில்லை.

"ஏனுங்க, ஏலம் வெச்சிருக்கற வாரமாப் பாத்து அனுப்புனீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"நான் அனுப்பலீங்க. ஆனா எம் பேர்லதான் வந்துது."

அவர் திட்டத் திட்ட, ஒவ்வொன்றுக்கும் இவர் பதில் சொன்னார். இப்படிக் கவனமாகத் திட்டு வாங்குகிற ஒருவரை அந்த அம்மாள் பார்த்திருக்க மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, "சரி, உக்காருங்க," என்றார். இவர் உட்கார்ந்த இடத்தில் போன் இருந்தது.

"நான் வேண்ணா கேட்டுப் பாக்கட்டுங்களா?"

முதல் பேக்டரியைக் கூப்பிட்டார். எடுத்தார்கள். விவரம் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் மகளுக்கு எந்தக் காலேஜில் இடம் கேட்கலாம் என்று கேட்டார்கள். இவர் விரிவாகச் சொன்னார். அடுத்தவர், வைரஸ் மனிதருக்கும் ஒட்டுமா என்று கேட்டார். அதற்கடுத்தவருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு போனுக்கும் அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் விவரத்தை வாங்கி வாங்கி அடித்தேன். சாயங்காலம் பட்டியல் முழுசாகிவிட்டது. ஒரு பேக்டரிகூட விட்டுப்போகவில்லை. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இத்தனை ஆகியும் தலைமை ஆபீஸ் மனம் மாறவில்லை. மாதக் கடைசியோடு அவரை விடுவிப்பதாக உத்தரவு வந்தது. மேனேஜர் அதைக் கையில் கொடுக்க முடியாமல் மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். கம்ப்யூட்டரை நெருங்கக் கூடாது என்பதால் கையால் பதில் எழுதினார். உத்தரவு கிடைத்தது. முடிவு நியாயமானதே. என் பொறுப்பிலுள்ள கடிதப் போக்குவரத்தை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்.

மாதம் முடிந்தது. மறுநாள் காலை அவர் வழக்கம் போல வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க சார், வந்துட்டீங்க?" என்றார் மேனேஜர் தயங்கி.

"கேட்டிருக்கேனுங்க. சொல்லட்டும். சொன்னதும் ஒப்படைச்சுட்டுப் போயிடறேன்."

அடுத்த நாளும் வந்தார். அடுத்த வாரமும் வந்தார். சம்பளம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மேனேஜர் ரகசியமாகக் கோயமுத்தூருக்குப் போன் செய்து, ஒரே ஒரு வரி பதில் அனுப்புங்கள் என்று கெஞ்சினார். வேலையை விட்டு அனுப்பின ஆளுக்கு எத்தனை கடிதம் போடுவது என்று அங்கே சிரித்தார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் புரோக்கர் அம்மாள் போன் செய்தார். "அவரை எங்களுக்கு அனுப்புவீங்களா? பேக்டரிக்காரங்கள்ளாம் அவரைக் கேக்கறாங்க. போன் மட்டும் பாத்தாப் போதும். ஆனா கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாது. அதை மொதல்லயே சொல்லீருங்க."

சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான். குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மாட்டிக்கொண்டார். "கோயமுத்தூர்ல இருந்து பதில் வந்ததும் வந்துடறேன்னு சொல்லுங்க அம்மிணி," என்றார்.

அது வராது என்று அவரைத் தவிர எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அந்த அம்மாள் எத்தனை நாள் காத்திருப்பார் என்றும் தெரியாது. மேனேஜர் அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கையெழுத்துக்கு மட்டுமே பேனாவை எடுக்கிறவர், சொந்தமாக ஒரு கடிதம் எழுதினார். கிழித்துப்போட்ட தாள்கள் குப்பைக் கூடையில் நிறையக் கிடந்தன. கடைசியில் கம்பெனித் தாளில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வேலையை ஒப்படைக்க இந்த ஆபீசில் வேறு ஆள் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டுத் தாங்கள் போகலாம். நன்றி.

அவர் அதைப் படித்துவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல கேள்வி ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க," என்றார் மேனேஜர்.

"அப்ப நான் ஒண்ணும் எழுத வேண்டியதில்ல."

"வேண்டியதில்லீங்க சார்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, போய் வருகிறேன் என்றார். நாங்கள் ஏதோ சொன்னோம். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் மூக்கைச் சிந்திக்கொண்டு, இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது என்றார். அது மே மாதம்.

அடுத்த வாரம் ஏல விலை கேட்பதற்காக அந்தப் புரோக்கர் ஆபீசுக்குப் போன் செய்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை லைன் எங்கேஜ்டாகவே இருந்தது.